முயல் இறக்கிய நரிமணி

ஓடைக்கரைப் புல்காட்டில் தவிட்டாள் என்றொரு முயல் இருந்தாள். அவளுக்கு மூன்று குட்டிகள்.

முயல்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பகல் முழுவதும் குட்டிகளின் பக்கமே போகமாட்டார்கள். பொழுது சாயும்போது ஒரு தடவை போய்ப் பால் கொடுப்பார்கள். அதுவும் நேராகப் போவதில்லை. சுற்றிச் சுற்றி நடந்து, வந்த தடத்திலேயே திரும்பி, சட்டென்று பக்கவாட்டில் ஒரு தாவு தாவுவார்கள். மோப்பம் பிடித்து வருகிறவன் அந்த இடத்தோடு திகைத்து நின்றுவிடுவான். தவிட்டாள் இதில் கொஞ்சமும் பிசகாதவள்.

அந்தக் காட்டில் எல்லார் கழுத்திலும் செல்போன் தொங்கியது. ஒருநாள் காலை, பக்கத்துப் புதரில் அடைகாத்துக்கொண்டிருந்த கௌதாரி பொட்டு அவளைக் கூப்பிட்டாள்.

"அக்கா, நரிமணின்னு ஒரு ஆப் வந்திருக்கு. உனக்கும் அனுப்பியிருக்கேன், இறக்கிக்க. நரி கிட்ட வந்தா மணி அடிக்குமாம்."

"யாரு செஞ்சது?"

"யாரு செஞ்சா என்னக்கா? சும்மாதானே தர்றாங்க."

முந்தின நாள்தான் ஓடை மணலில் நரியின் கால்தடத்தைத் தவிட்டாள் பார்த்திருந்தாள். அந்தப் பயத்தில் உடனே இறக்கினாள். செயலி ஒவ்வொன்றாகக் கேட்டது. நீ இருக்கும் இடத்தை எப்போதும் அறியலாமா? உன் போனில் உள்ள எண்களைப் பார்க்கலாமா? திரை அணைந்த பிறகும் விழித்திருக்கலாமா? குட்டிகளின் நினைப்பிலேயே எல்லாவற்றுக்கும் சரி என்று அழுத்தினாள்.

சற்று நேரத்தில் மணி அடித்தது. முட்புதருக்குள் பாய்ந்தாள். உண்மையிலேயே ஒரு நரி அந்த வழியாக நடந்து போனது. நல்ல மணிதான் என்று நம்பினாள்.

ஆனால் அதன்பின் அவள் எங்கே மேயப் போனாலும் பின்னால் சருகு நொறுங்கியது. திரும்பிப் பார்த்தால் ஒன்றும் இல்லை. கையே வைக்காத போன் நெஞ்சில் சுட்டது. பாதிப் பகலுக்குள் சார்ஜ் பாதியாகிவிட்டது.

பிற்பகலில் பொட்டுவின் அலறல் கேட்டது. தவிட்டாள் ஓடிப்போய்ப் பார்த்தாள். கூட்டில் முட்டை ஓடுகள் மட்டும் கிடந்தன.

"மணி அடிக்கலையா?"

"அடிக்கவே இல்லக்கா. தண்ணி குடிக்க இப்பத்தான் எழுந்து போனேன். நான் எழுந்த நேரம் நரிக்கு எப்படித் தெரிஞ்சுது?"

தவிட்டாள் தன் போனையே பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள். "பொட்டு, நரி எங்க இருக்குன்னு இந்த மணிக்கு யாரு சொல்றாங்க?"

"யாரு சொல்லுவாங்க? நரிக்குத்தான் தெரியும்..."

சொன்ன வாய் திறந்தபடியே நின்றது.

"இப்பவே அழிச்சிடுக்கா."

"அழிக்கலாம். நாம நினைக்கிறது தப்பா இருந்தா? காவலை நாமே தூக்கி எறிஞ்ச மாதிரி ஆயிடும். என்னன்னு பாத்துட்டு அழிக்கிறேன்."

பொழுது சாய்ந்தது. குட்டிகள் பசித்திருக்கும். தவிட்டாளின் மடி கனத்து வலித்தது. ஆனால் அந்தப் பக்கம் திரும்பாமல் ஓடையின் அக்கரைக்குப் போனாள். ஆளில்லாத இலந்தைப் புதருக்குள் போனைச் சருகால் மூடி வைத்தாள். காற்று தன் பக்கம் வீசும்படி தள்ளிப் போய் ஒரு புற்றின் பின்னால் ஒடுங்கினாள்.

நேரம் போனது. மணி அடிக்கவில்லை.

அப்போது நரி வந்தது. மூக்கைத் தரையில் வைக்கவே இல்லை. தன் கழுத்துப் போனைப் பார்த்தபடி, வீட்டுக்குப் போகிறவன் போல நேராக நடந்து வந்தது. பின்னால் அதன் தம்பி.

"இங்கதான் காட்டுது, அண்ணே."

"சத்தம் போடாதடா. இந்நேரம் பால் குடுக்க வந்திருப்பா. குட்டியும் சேர்த்து அள்ளிடலாம்."

தம்பி நரி புதருக்குள் பாய்ந்தது. அடுத்த நொடி மூக்கெல்லாம் முள்ளோடு வெளியே வந்தது.

"போன் மட்டுந்தான் கிடக்கு!"

அண்ணன் நரி தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தது. அதன் கண் புற்றின் மேல் வந்து நின்றது. தவிட்டாள் மூச்சு விடவில்லை. பயத்தில் மீசை நடுங்கியது. அதையும் மண்ணில் அழுத்திக்கொண்டாள்.

"கழட்டி வச்சுட்டு மேயறா போல. தொடாத, அப்படியே வை. கழுத்துல மாட்டிக்கட்டும். எங்க போயிடப் போறா?"

சிரித்துக்கொண்டே இரண்டும் போயின.

அவற்றின் காலடி ஓய்ந்த பிறகும் தவிட்டாள் அசையவில்லை. பிறகு போய்ப் போனை எடுத்து நரிமணியை அழித்தாள். போனையும் அணைத்து அங்கேயே புதைத்தாள். சுற்றி நடந்தாள், தடம் திரும்பினாள், தாவினாள். மூன்று குட்டிகளும் புல்லுக்குள் இருந்தன. அவை பால் குடித்தன. வாழ்நாளெல்லாம் தடத்தை மறைத்தவள், தன் தடத்தைத் தானே கழுத்தில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

விடிந்ததும் தன் போனில் எண் இருந்த ஒவ்வொருவரையும் நேரில் தேடிப் போய் நடந்ததைச் சொன்னாள். கடைசியாகப் பொட்டுவிடம் வந்தாள். பொட்டு தன் போனிலும் அதை அழித்துவிட்டு, வெறும் கூட்டைப் பார்த்தபடி கேட்டாள்.

"இனி நரி வந்தா எப்படிக்கா தெரியும்?"

"காது இருக்கே," என்றாள் தவிட்டாள்.

சும்மா கிடைக்கிறது என்பதற்காக எதையும் இறக்கிக்கொள்ளாமல், அதை யார் செய்தார்கள், நம்மிடம் எதையெல்லாம் கேட்கிறது, எதற்காகக் கேட்கிறது என்று பார்த்த பிறகே உள்ளே விட வேண்டும்.