வட்டுக்கு மச்சம் வந்த விதம்

அந்தக் காலத்தில் கணினி வட்டுகளுக்கு வாய் இருந்தது. தங்களுக்குள் பதிந்த குரலிலேயே அவை பேசும். அவற்றைக் கட்டி மேய்த்த லினக்ஸ் என்ற காவல்காரனுக்குக் கண் கிடையாது. மின்சாரம் வந்து விழித்ததும், "யாரெல்லாம் இருக்கீங்க?" என்று கேட்பான். முதலில் பதில் சொன்ன வட்டுக்கு 'ஏ' என்று பெயர், அடுத்ததற்கு 'பி'. மின்சாரம் போய் வந்தால் மறுபடி முதலிலிருந்து கூப்பிடுவான். பழைய பெயர் அப்போது செல்லாது.

தூத்துக்குடிக் கரையில், கடலுக்குப் போன படகுகளோடு பேசும் வயர்லெஸ் அறையில் ஃபிலோமினா வேலை பார்த்தாள். படகுக்காரர்கள் பேசியதெல்லாம் அங்கே ஒரு வட்டில் பதிந்திருந்தது. அவள் தம்பி இன்னாசியின் பேச்சும் அதில்தான். புயலில் போனவனின் உடல்கூடக் கரை சேரவில்லை. குரல் மட்டும்தான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அம்மா சலேத்தம்மாள் வந்து உட்கார்ந்து, "எய்யா" என்பாள். "எம்மா, சாப்ட்டியா?" என்று வட்டு கேட்கும். மற்றவர்களுக்கு உடம்பு சிலிர்க்கும். அவளுக்கோ அடுத்த ஞாயிறு வரை அது போதும்.

வட்டு தளர்ந்துவிட்டது. குரல்களை மாற்றி வைக்க வேறொரு வட்டு வந்தது. யாரோ பயன்படுத்தியது என்பதால் முதலில் அதை அழிக்க வேண்டும். ஃபிலோமினா பார்த்தாள். பழையது ஏ, வந்தது பி. கட்டளையைச் சொல்ல வாயெடுத்தபோது மின்சாரம் போனது. திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தாள். பழையது மூச்சு வாங்கி எழுவதற்குள் புதியது முந்திக்கொண்டு குரல் கொடுத்து 'ஏ' ஆகிவிட்டதை அவள் கவனிக்கவில்லை.

"பி-யை அழி" என்றாள்.

"எக்கா" என்றது இன்னாசியின் குரல். "நாந்தாம்க்கா. என்னைய விட்ராத."

கடைசி நாளில் அவன் கடலிலிருந்து சொன்ன அதே வார்த்தைகள். பழைய பதிவைத்தான் வட்டு சொல்கிறது என்று நினைத்தாள், பாவி.

"இருல, உன்னையப் பத்திரமா வைக்கத்தான் இம்புட்டும்" என்றாள்.

"எக்கா... எக்..."

அப்புறம் சத்தமில்லை.

"இன்னாசி?"

"யாரது?" என்று கேட்டது அழியாமல் கிடந்த மற்ற வட்டு. அந்தக் குரல் அவளுக்குத் தெரிந்த யாருடையதும் இல்லை.

ஃபிலோமினா தலையில் அடித்துக்கொண்டு காவல்காரனிடம் கத்தினாள். "நீ சொன்ன பேரைத்தானே அழிச்சேன்?" என்றான் அவன். "ஆளைச் சொல்லலையே."

"அப்போ ஆளுக்கு அடையாளம் போடு! எப்ப எந்திரிச்சாலும் மாறாத அடையாளம்!"

அவன் ஒவ்வொரு வட்டையும் தடவி, மச்சம் வைப்பதுபோல அதன் உடம்பில் நீளமான ஓர் எண்ணைப் பதித்தான். கெஞ்சியும் பலனில்லை என்று கண்ட வட்டுகளோ அத்தோடு வாயை மூடிக்கொண்டன.

ஞாயிறன்று சலேத்தம்மாள் வந்து உட்கார்ந்தாள். நடந்ததைச் சொல்லாமலே மகள் பழைய வட்டை முடுக்கிவிட்டாள்.

"எய்யா" என்றாள் அம்மா.

வெறும் வட்டுக்குள் டக், டக் என்று கேட்டது.

அம்மாவின் முகம் மலர்ந்தது. "கதவத் தட்டுதாம் பாரு. ஏட்டி, போய்த் தொறந்து விடேன்."

அன்று முதல்தான், விழிக்கும் வரிசையில் பெயர் மாறினாலும் வட்டின் மச்சம் மாறுவதில்லை. எந்த வட்டும் வாய் திறப்பதில்லை. சாகப்போகும் வட்டு மட்டும் உள்ளேயிருந்து தட்டிக்கொண்டே இருக்கிறது.