காத்தாயி சொன்ன பொய்

நாவல்கோட்டை ராஜா மாறவேளுக்குக் கோபம் வந்தால் ஒரு நாழிகைக்கு மேல் நிற்காது. அந்த ஒரு நாழிகைக்குள் யார் தலை போகுமோ என்பதுதான் ஊருக்குக் கவலை.

ஒருநாள் பட்டத்து யானை தும்பிக்கையை வீசியதில் ராஜாவின் கிரீடம் சேற்றில் போய் விழுந்தது.

"பாகன் தலையை வெட்டு!" என்று கத்தினார் ராஜா.

பாகன் மாசாணம் ஆற்றங்கரைக்கு ஓடினான். பரிசல் ஓட்டும் காத்தாயி அவனைக் குந்தவைத்து, மேலே பரிசலைக் கவிழ்த்து மூடினாள். துரத்தி வந்த சேவகர்களிடம், "இந்தப் பக்கம் ஒருத்தரும் வரலையே சாமி" என்றாள்.

வழக்கம்போல் ஒரு நாழிகையில் கோபம் தணிந்தது. பாகனுக்கு மன்னிப்புக் கிடைத்தது. ஆனால் விஷயம் வெளியே வந்ததும், அரச சேவகர்களிடம் பொய் சொன்ன காத்தாயியை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. அவள் செய்தது சரியா, தப்பா?

அரண்மனையில் அறநெறி ஆராய்ச்சி மன்றம் ஒன்று இருந்தது. பதினோரு பண்டிதர்கள்.

"ஆராய்ந்து சொல்லுங்கள். அதுவரை அவள் சிறையில் இருக்கட்டும்" என்றார் ராஜா.

எட்டு மாதம் ஓடிவிட்டது. மாசாணம், அரசவையில் வாய்த்துடுக்குக்குப் பேர்போன மங்கைபாகரிடம் வந்து அழுதான்.

"என்னைக் காப்பாத்தினவ உள்ளே கிடக்கா சாமி. யானைக்குக் கரும்பு ஒடிக்கவே எனக்குக் கை வரலை."

மறுநாள் சபையில் மங்கைபாகர், மன்றத் தலைவர் தத்துவசாகரரைக் கேட்டார்.

"ஆராய்ச்சி எந்த மட்டில் இருக்கிறது சுவாமி?"

"பொய் என்றால் என்ன என்பதிலேயே பதினோரு பேருக்குப் பன்னிரண்டு கருத்து. எனக்கு மட்டும் இரண்டு."

"அதுவரை அவளை விட்டுவிடலாமே?"

"கூடாது! எது சரி என்று தெரியாதவர்கள், அது தெரியும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். மன்றத்தின் முதல் விதி அது."

"அருமையான விதி! மகாராஜா, இதைச் சிறைக் காவலருக்கும் சொல்லலாமா?"

"தாராளமாகச் சொல்லும்" என்றார் ராஜா.

மறுநாள் காலையில், கஞ்சி கொடுக்கக் காவலன் சிறைக் கதவைத் திறந்தான். கொடுத்துவிட்டுப் பூட்டை எடுத்தான். பக்கத்தில் மங்கைபாகர் நின்றார்.

"இவளை உள்ளே வைத்துப் பூட்டுவது சரியா, தப்பா?"

"எனக்கெப்படிங்க தெரியும்?"

"தெரியாதா? அப்படியானால் கையைக் கட்டிக்கொள். ராஜா உத்தரவு."

காவலன் பயபக்தியோடு கையைக் கட்டிக்கொண்டான். காத்தாயி கஞ்சியைக் குடித்தாள், கலயத்தைக் கழுவிக் கவிழ்த்தாள், ஆற்றங்கரையைப் பார்த்து நடந்தாள்.

தத்துவசாகரர் சபைக்கு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"மகாராஜா! பூட்டாதது விதிப்படி சரி. ஆனால் அவள் எப்படி எழுந்து நடக்கலாம்? நடப்பதும் ஒரு செயல்தானே!"

"விதி, எது சரி என்று தெரியாதவர்களுக்குத்தானே சுவாமி?" என்றார் மங்கைபாகர். "அவளுக்குத்தான் அது எட்டு மாதத்துக்கு முன்பே தெரிந்துவிட்டதே!"

ராஜா ஒரு கணம் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சபை அதிரச் சிரித்தார். மங்கைபாகருக்குத் தன் கை மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். காத்தாயிக்குப் புதுப் பரிசல் ஒன்று போயிற்று. மன்றத்துக்கும் ஒரு செய்தி போயிற்று: "ஆராய்ச்சியை மெதுவாகவே முடியுங்கள். அவசரம் ஒன்றுமில்லை."