பருந்துக்கு அழைப்பு வைத்தவர்

எங்கள் விமான நிலையத்தில் ஓடுபாதைப் பறவைகளை விரட்டுவது மரியபுஷ்பத்தின் வேலை. பத்தொன்பது வருஷமாக வெடி போடுகிறாள். ஒருமுறைகூட விமானம் ஏறியதில்லை.

ஓடுபாதைக்கு மேலே பருந்துகளைப் பார்த்த புது இயக்குநர் தனஞ்செயன் கோபத்தில் குதித்தார். "நாளைக்கு ஒரு பருந்து வந்தாலும் உனக்கு வேலை கிடையாது."

"அதுங்களுக்கு அழைப்பு வைக்கிறவரை முதல்ல நிறுத்தணும் சார்."

"யார் அது?"

இயக்குநரை ஜீப்பில் ஏற்றினோம். நான்தான் ஓட்டினேன். பருந்துகள் வட்டமிட்ட இடம் அவருடைய பங்களாக் கொல்லை. ஞாயிற்றுக்கிழமை விருந்தின் கோழி எலும்பு அங்கே மலையாகக் கிடந்தது.

இயக்குநரின் குரல் இறங்கியது. "இப்பவே அள்ளச் சொல்றேன். உனக்கு ஏதாவது வேணுமாம்மா?"

மரியபுஷ்பம் அண்ணாந்து பார்த்தாள்.

"ஒரு ஜன்னல் சீட்டு சார். இத்தனை வருஷம் விரட்டினேனே, அதுங்க மேலேயிருந்து என்னத்தைப் பார்க்குதுன்னு நானும் ஒரு தடவை பார்க்கணும்."