ஒன்பதரை மணிக்கு ஒரு போன்

குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு நாற்பத்தெட்டு. இந்தக் கதையில் இது ஒன்றுதான் தலைகீழ். மற்றபடி எல்லாக் கதைகளிலும் நடப்பதுபோல இதிலும் சீடர்தான் அவசரப்பட்டார்.

சீடர் பெயர் சிங்காரவேலு. திருச்சியில் ஒரு நாளிதழுக்கு இருபத்திரண்டு வருடம் விளம்பரம் பிடித்து, எழுதியும் கொடுத்தவர். கடைக்காரர்கள் பத்திரிகையை விட்டுவிட்டுப் போனுக்குள் விளம்பரம் போடப் போய்விட்டார்கள். பத்திரிகை இவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. பிழைப்பு போனுக்குள் போய்விட்டதென்றால் நாமும் அங்கேயே போவோம் என்று முடிவுகட்டிக்கொண்டு, தில்லைநகரில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் செய்துவந்த ரெஜினாவிடம் வந்து சேர்ந்தார்.

மூன்று மாதம் கற்றுக்கொள்ளலாம். அதற்குள் ஒரு வாடிக்கையாளரைத் தனியாகக் கவனித்து, விட்டுப்போகாமல் நிறுத்திக் காட்டினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். இந்த வயதில் இன்னொரு கதவு எங்கே திறக்கப் போகிறது என்ற கவலை, சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அவருக்கு வந்தது.

ரெஜினா இந்தத் தொழிலில் பத்து வருடம் தாக்குப்பிடித்தவர். அது லேசுப்பட்ட காரியமில்லை. போன வருடம் பலித்த வித்தை இந்த வருடம் பலிக்காத தொழில் இது. அவரோடு ஆரம்பித்தவர்களில் ஒருவர் இன்ஷூரன்ஸ் விற்கிறார், ஒருவர் பிரியாணிக் கடை வைத்திருக்கிறார், மற்றவர்கள் இருக்குமிடம் தெரியவில்லை. ரெஜினாவிடம் வந்த கடைக்காரர்களோ வருடக்கணக்காக நகரவே இல்லை. இத்தனைக்கும் அவருக்கு அடித்துப் பேசத் தெரியாது. கோட்டுப் போட்டு மேடை ஏறியதும் கிடையாது.

இந்தப் பெண்ணிடம் ஏதோ ரகசியம் இருக்கிறது, எப்படியாவது கறந்துவிட வேண்டும் என்று சிங்காரவேலு நினைத்தார். மூன்றாம் நாள் காலை கேட்டேவிட்டார்.

"மேடம், இந்தத் தொழில்ல நிலைச்சு நிக்கணும்னா என்ன செய்யணும்?"

ரெஜினா இழுப்பறையைத் திறந்து ஒரு பழைய போனை எடுத்து வைத்தார். அதன் கண்ணாடி ஓரத்தில் விரிசல் விட்டிருந்தது.

"தினமும் காலையில ஒன்பதரைக்கு உங்க விளம்பரத்தை இதுல பாருங்கண்ணே. அதுல இருக்கிற நம்பரைக் கூப்பிடுங்க. பொருள் வாங்க வந்தவர் மாதிரி ரெண்டு வார்த்தை பேசிட்டு வெச்சிடுங்க."

"இந்தப் போன்லயா?"

"வாங்கறவங்க கையில இதுதானே இருக்கு."

"சரி. அப்புறம்?"

"மறுநாள் கூப்பிடுங்க."

"அதில்லை மேடம். ரகசியம்னு ஏதாச்சும்..."

"மணி ஒன்பது இருபத்தெட்டுண்ணே."

சிங்காரவேலுவுக்கு ஒதுக்கப்பட்டது புத்தூரில் இருந்த நாதம் காது கருவி நிலையம். காது மந்தமானவர்களுக்குக் கருவி விற்கும் கடை. உரிமையாளர் இஸ்மாயில் பாய். சிங்காரவேலு உற்சாகமாக விளம்பரம் தயாரித்தார். பேரனோடு சிரிக்கும் ஒரு முதியவர் படம். கீழே பெரிய பச்சைப் பொத்தான்: 'இப்போதே அழையுங்கள்'. அறுபது வயதைத் தாண்டியவர்களின் போனிலும், சரிபார்க்க அந்தப் பழைய போனிலும் மட்டும் தெரியும்படி செய்தார். பொத்தானை அமுக்கினால் நேராகக் கடைக்கு மணி அடிக்கும்.

மணி நன்றாகவே அடித்தது. ஒரே வாரத்தில் அவ்வளவு அழைப்புகள். சிங்காரவேலு காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறை.

ஒன்பதரை மணிப் போன் மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை.

"வணக்கம், நாதம் காது கருவி நிலையம். சொல்லுங்க சார்." கடையில் போன் எடுக்கும் பெண் சுபாஷிணி.

"கடை எத்தனை மணி வரைக்கும் இருக்கும்மா?"

"ஏழரை வரைக்கும் சார்."

மறுநாளும் ஏழரை. அதற்கு மறுநாளும் ஏழரை. ஆறாம் நாள் அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

"சார், நேத்தும் நீங்கதானே கேட்டீங்க? ஏழரைதான் சார். இன்னும் மாத்தலை."

சிங்காரவேலு அசடு வழிந்தார். போனை வைத்துவிட்டு, நோட்டில் தேதிக்கு நேரே ஒரு டிக் போட்டார். எதிர் மேசையில் ரெஜினாவும் அவருடைய போன்களை முடித்துவிட்டு எழுதிக்கொண்டிருந்தார். அவர் டிக் போடுவதில்லை. ஒவ்வொரு கடைக்கும் ஒரு வரி எழுதுவார்.

"இதையெல்லாம் எழுதி என்ன மேடம் ஆகப்போகுது?"

"எழுதணும்னா கேக்கணும்லண்ணே."

சொல்லிவிட்டு அவர் அடுத்த வரிக்குப் போய்விட்டார். பத்து வருடமாக ஒரு மனுஷி தினமும் இதைச் செய்கிறார் என்று நினைத்தபோது சிங்காரவேலுவுக்கு மலைப்பாக இருந்தது. கொஞ்சம் பரிதாபமாகவும் இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு மாதம் போயிற்று. மூன்றாம் மாதம், ஒரு வியாழக்கிழமை, சிங்காரவேலு சளியோடு அலுவலகம் வந்தார். மூக்கு ஒழுகியது. இரண்டு காதும் அடைத்துக்கொண்டு, பக்கத்தில் யார் பேசினாலும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல இருந்தது. மணி ஒன்பதரை ஆயிற்று. பழைய போனைப் பார்த்தார்.

இன்றைக்கு எதுவும் கேட்கப் போவதில்லை. கேட்டாலும் ஏழரைதான். அவர் போனைத் தொடவில்லை. நோட்டை எடுத்து டிக் போட்டார்.

எதிர் மேசையிலிருந்து ரெஜினா உதட்டை அசைத்தது தெரிந்தது. என்ன கேட்கிறார் என்று ஊகித்து, "கூப்பிட்டாச்சு மேடம்," என்று சத்தமாகச் சொன்னார். அன்று முழுக்க அந்த மேசையில் உட்கார்ந்து தும்மினார்.

வெள்ளிக்கிழமை இஸ்மாயில் பாய் பேசினார்.

"சார், போன் அடிக்குது. ஆளு வரலை."

"வருவாங்க பாய்."

"ரெண்டு மாசமா இதைத்தான் சொல்றீங்க. கூப்பிடறவங்க எல்லாம் வெட்டியாம். நாலு வார்த்தை கத்திட்டு வெச்சிடறாங்களாம். போன் எடுக்கிற பொண்ணு அலுத்துக்குது. மாசக் கடைசி வரைக்கும் பார்க்கிறேன் சார். அப்புறம் நிறுத்திடுங்க."

பாயைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கடைக்கு வருகிறவர்களோடு மகனோ மருமகளோ கூட வந்து, எல்லாவற்றையும் அவர்களே பேசிவிடுவார்கள்; பெரியவர்களோடு பாய் நேராகப் பேசியதே குறைவு.

மாசக் கடைசிக்கு இன்னும் எத்தனை நாள் என்று சிங்காரவேலு எண்ணிப் பார்த்தார். பாய் போனால் வேலையும் போச்சு. சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து மூன்று புதிய வீடியோ செய்தார். ஒன்றில் இனிமையான பாட்டு, ஒன்றில் சிரிப்பு, ஒன்றில் தாத்தா நடனமே ஆடினார். விளம்பரத்தில் சுவாரஸ்யம் போதவில்லை, அதனால்தான் வெட்டி ஆட்கள் கூப்பிடுகிறார்கள் என்பது அவர் கணக்கு.

திங்கட்கிழமை ரெஜினா கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு சுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். வீடியோக்களை நீட்டியதும் கையை அசைத்தார். "நாளைக்குப் பேசலாம்," என்று கரகரத்தார்.

செவ்வாய்க்கிழமை சிங்காரவேலு வருவதற்கு முன்பே அவர் மேசைமேல் பழைய போன் இருந்தது. அதன் பக்கத்தில் மருந்துக் கடையில் விற்கும் பஞ்சு உருண்டை ஒன்று.

"காதுல வையுங்கண்ணே."

"எதுக்கு மேடம்?"

"நல்லா அடைச்சு வையுங்க. ரெண்டு காதுலயும்."

வைத்தார். ரெஜினா சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். ஒன்பதரை. பிறகு போனைக் காட்டினார்.

சிங்காரவேலு விளம்பரத்தைத் திறந்தார். பேரனோடு முதியவர் சிரித்தார். பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டுப் போனைக் காதில் வைத்தார். மணி அடிக்கிறதா, எடுத்துவிட்டார்களா என்றே தெரியவில்லை. எங்கோ தூரத்தில் ஒரு முணுமுணுப்பு வந்தது.

"கடை எத்தனை மணி வரைக்கும்மா?"

முணுமுணுப்பு.

"என்னம்மா?"

முணுமுணுப்பு.

"கொஞ்சம் சத்தமா சொல்லும்மா! கேக்கலை!"

தன் குரல் எவ்வளவு உயர்ந்துவிட்டது என்பது அவருக்கே தெரியவில்லை. அடுத்த அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். சிங்காரவேலுவுக்கு முகம் சூடாயிற்று. சட்டென்று போனை வைத்துவிட்டார்.

மறுபடி அமுக்கினார். மறுபடி முணுமுணுப்பு. மறுபடி கத்தினார். வெட்கம் தாங்காமல் மறுபடி வைத்துவிட்டார்.

பஞ்சைப் பிடுங்கி மேசைமேல் போட்டார். நாலு வார்த்தை கத்திவிட்டு வைத்துவிடுகிறார்கள் என்று பாய் சொன்னது அப்போதுதான் அவர் மண்டையில் உறைத்தது. காது கேட்காதவர்களைத் தேடித் தேடிப் பிடித்து, அவர்கள் கையில் போனைக் கொடுத்து, பேசுங்கள் என்று இரண்டு மாதமாகச் சொல்லியிருக்கிறார். கூப்பிட்ட ஒவ்வொருவரும் இதே வெட்கத்தோடு வைத்திருப்பார்கள். அவருக்குத் தன்மீதே அருவருப்பாக இருந்தது.

"மேடம்..."

ரெஜினா தலை நிமிரவில்லை. அன்றைய வரியை எழுதிக்கொண்டிருந்தார்.

மூன்று வீடியோவையும் தூக்கி எறிந்தார் சிங்காரவேலு. பச்சைப் பொத்தானையும் எடுத்தார். இருபத்திரண்டு வருடம் வரி விளம்பரம் எழுதிய கை சும்மா இருக்குமா? பாயைப் பிடித்து, வீட்டுக்கே ஆள் அனுப்பச் சம்மதம் வாங்கிக்கொண்டு, பெரிய எழுத்தில் மூன்றே வரி எழுதினார்.

'போனில் பேச வேண்டாம்.
"வாங்க" என்று ஒரு வார்த்தை மட்டும் அனுப்புங்கள்.
வீட்டுக்கே வந்து காதைப் பரிசோதிக்கிறோம்.'

கீழே அழைப்புப் பொத்தான் இருந்த இடத்தில் வாட்ஸ்அப் பொத்தான்.

மறுநாள் காலை முதல் செய்தி வந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். ஒரு வார்த்தை கேட்டால் அவர் நாலு வரி எழுதியிருந்தார்.

'நான் மூன்று முறை உங்களைக் கூப்பிட்டேன். அந்தப் பெண் பொறுமையாகத்தான் பேசினாள் என்று நினைக்கிறேன். என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. மகன் வெளிநாட்டில். வாங்க.'

சிங்காரவேலு அதை இரண்டு தடவை படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். சளி எப்போதோ போய்விட்டிருந்தது.

மாசக் கடைசியில் இஸ்மாயில் பாயே பேசினார். குரலில் அவசரம்.

"சார், ஒரு ஆளை வெச்சு சமாளிக்க முடியலை. இன்னொரு பையனை வேலைக்குப் போட்டிருக்கேன். விளம்பரம் அது பாட்டுக்கு ஓடட்டும். நிறுத்திடாதீங்க."

அன்று மாலையே ரெஜினா வேலை நிரந்தரக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சிங்காரவேலு அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வீட்டில் காட்டிவிட்டு, மறுநாள் காலை ஒரு பெட்டி மைசூர்பாகோடு ஒன்பது மணிக்கே வந்துவிட்டார்.

"ஒரே ஒரு கேள்வி மேடம்."

"கேளுங்கண்ணே."

"காது கருவி விக்கிறவருக்கே தோணலை. இருபத்திரண்டு வருஷம் விளம்பரத்துலயே ஊறின எனக்குத் தோணலை. அந்தப் பஞ்சு உங்களுக்கு மட்டும் எப்படித் தோணுச்சு? என்ன மூளை மேடம் உங்களுக்கு!"

"மூளையெல்லாம் இல்லண்ணே."

"சும்மா சொல்லாதீங்க."

ரெஜினா தன் நோட்டைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார். சிங்காரவேலு புரட்டினார். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு கடையும், ஒவ்வொரு வரி. ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. அவற்றின் நடுவே நாதம் என்ற பெயரும் தினமும் இருந்ததை அப்போதுதான் கவனித்தார்.

"இது என் கடையாச்சே மேடம். நீங்களும் கூப்பிடறீங்களா?"

"வாசல் பலகையில என் பேர்தானேண்ணே இருக்கு."

சிங்காரவேலுவின் விரல் ஒரு தேதியில் வந்து நின்றது. அந்த வியாழக்கிழமை. ரெஜினாவின் சின்ன எழுத்தில் இப்படி இருந்தது:

'நாதம். தினமும் ஏழரையா என்று கேட்கும் உங்கள் ஆபீஸ் சார் இன்று கூப்பிடவில்லையே, உடம்பு சரியில்லையோ என்று சுபாஷிணி விசாரித்தாள்.'

சிங்காரவேலுவுக்குக் காது மடல் வரை சுட்டது. இவ்வளவு நாளும் ரெஜினாவுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. முகத்தில்கூடக் காட்டவில்லை. கையெழுத்துப் போட்டபோதும் தெரிந்துதான் போட்டிருக்கிறார்.

நோட்டை மூடி அவர் பக்கம் தள்ளினார்.

"அன்னிக்கு எனக்குச் சளி மேடம். ரெண்டு காதும் அடைச்சிருந்தது. ஒண்ணும் கேக்கப் போறதில்லைன்னு விட்டுட்டேன்."

"தெரியும்ண்ணே. அந்தச் சளிதான் எனக்கும் ஒட்டிக்கிச்சு." ரெஜினா எழுந்து, பழைய போனை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "திங்கட்கிழமை எனக்கும் ரெண்டு காதும் அடைச்சிருந்தது. கூப்பிட்டேன்."