செத்த மன்னரின் வாய்

ஒட்டகங்கள் உப்புப் பாளம் சுமந்து வந்து பொன்தூளோடு திரும்பிப்போன அந்தக் காலத்தில், மேற்கு ஆப்பிரிக்காவில் தியாராங்கா என்றொரு நாட்டை ஒரு மன்னர் ஆண்டார். ஆண்டார் என்ன, அவர் செத்த பிறகுதான் நம் கதையே ஆரம்பம்!

அந்த நாட்டில் மன்னர் குரலை யாரும் கேட்கக் கூடாது. திரைக்குப் பின்னாலிருந்து அவர் முணுமுணுப்பார். ஒரே ஒரு ஆள் காதைக் கொடுத்துக் கேட்டு, சபைக்கு உரக்கச் சொல்வார். அவருக்குப் பட்டமே ‘மன்னர் வாய்’. நாற்பது வருஷமாக அந்த வேலையைப் பார்த்தவர் தெம்பா.

மன்னர் செத்தால் கவிழ்த்த கூடை மாதிரி மரத்தால் ஒரு வீடு கட்டி, உள்ளே கிடத்தி, கம்பஞ்சோறும் தண்ணீர்ப் பானையும் வைப்பார்கள். ஒன்பதாம் நாள் கதவை அடைத்து மண்ணைக் குவிப்பார்கள். அதற்குள் செத்தவர் யாரையாவது கூப்பிட்டால், அந்த ஆளை உயிரோடு உள்ளே அனுப்ப வேண்டும்.

ஒன்பதாம் நாள் உச்சிவேளை. பாலைக்காற்றுத் தூசியில் சூரியன் வெளுத்துக் கிடந்தது. ஒரு காக்கை குருவிகூட இல்லை. கல்லறை வாசலில் ஜனங்கள் சூழ புது மன்னன் மக்கான் உட்கார்ந்திருந்தான். கதவு அடைபடும்வரை அவனுக்கு ‘வாய்’ கிடையாது, நேராகவே பேசலாம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று சொல்கிற ஆள் அவன்.

குதிரைப்படைத் தலைவன் வகானே ஓடிவந்து, மரியாதைக்குத் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டான். தெம்பாவின் பதவிமேல் அவனுக்கு வெகுநாளாய்க் கண்.

“மன்னா! காலையில் உள்ளேயிருந்து உங்கள் அப்பா குரல் கேட்டது. ‘தெம்பாவை அனுப்பு’ என்றார்!”

மக்கான் முகம் வெளிறியது. “அப்பாவே கேட்டாரா? அப்படியானால் வேறு பேச்சில்லை. தெம்பா, போ.”

திறந்த கதவின் இருட்டுக்குள் பானை மூடி மெல்ல நகர்கிற சத்தம். எல்லாருக்கும் கேட்டது. தெம்பா சாவுக்குப் பயந்தாலும் அவர் புத்தி மட்டும் பயப்படவில்லை.

“போகிறேன் மன்னா. ஆனால் வகானே ஐயாவும் கூட வரவேண்டும்.”

“நான் எதற்கு?” என்று துள்ளினான் வகானே.

“மன்னர் யார் காதில் பேசுகிறாரோ அவர்தானே மன்னர் வாய்? இன்று காலை முதல் அது நீங்கள். நான் வெறும் தெம்பா. நீங்கள் இல்லாமல் அவர் என்னிடம் எப்படிப் பேசுவார்? வாங்க, முன்னாலே நடங்க!”

மக்கான் தொடையைத் தட்டிச் சிரித்தான். “நியாயம்! வகானே, நட!”

“ஐயோ, பொய் மன்னா! பதவி ஆசையில் உளறிவிட்டேன்!” வகானே தடாலென்று விழுந்தான்.

“என் அப்பா பெயரில் பொய்யா? அப்படியானால் நீ மட்டும் உள்ளே போ!”

மறுபடியும் பானை மூடி நகர்ந்தது. மக்கானின் கோபம் பறந்தே போனது. “தெம்பா, அப்பா என்னதான் சொல்கிறார்? கேட்டுச் சொல்லேன்!”

தெம்பா கதவில் காதை வைத்தார். வெகுநேரம் அசையவில்லை. பிறகு திரும்பி, சபைக்குச் சொல்கிற அதே கணீர்க் குரலில் சொன்னார்:

“‘எனக்கு யாரும் வேண்டாம். வகானே லாயத்தில் சாணி அள்ளட்டும். இனி யார் செத்தாலும் கூட ஆளை அனுப்பாதீர்கள். கதவை அடையுங்கள்.’”

ஜனங்கள் ஓவென்று அழுதார்கள், சந்தோஷத்தில்தான். மக்கான் தன் பொற்கோலை தெம்பா கையில் கொடுத்து, “இனி என் வாயும் நீயே” என்றான். வகானே அப்போதே சாணிக்கூடை தூக்கினான்.

கதவை அடைத்தார்கள். எல்லாரையும்விட வேகமாக மண்ணை வாரிக் கொட்டியவர் தெம்பாதான். மன்னர் சொல்லாததை அவர் சொன்னது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். கதவில் காதை வைத்தபோது உள்ளேயிருந்து வந்த குரல் உண்மையில் அவரிடம் கேட்டது இவ்வளவுதான்:

“தெம்பா, ஏன் இன்னும் வரவில்லை?”