பன்னிரண்டாயிரம் ‘ஆம்’

நாலு கதவைத் திறந்துவிட்டு, ‘உலகமே இவ்வளவுதான், அனுபவி’ என்று சொல்லும் வள்ளல்களுக்குப் பஞ்சமில்லாத காலம் இது. அப்படியொரு வள்ளல் கம்பெனி உப்பளத்துக்கும் வந்து, வேறு இணைய இணைப்பு இல்லாதவர்களாகத் தேடிப்பிடித்து இலவச போன் கொடுத்தது.

அதில் பாட்டு வரும். கம்பெனியின் கடை வரும், கம்பெனியின் செய்தி வரும், முதலாளியின் பொன்மொழியும் வரும். ஐந்தாவதாக எதைத் தொட்டாலும் பூட்டுப் படம். முதல் நாளே ‘இலவசம் வேண்டுமா?’ என்று ஒரு பச்சை ‘ஆம்’ பொத்தான் கேட்டது, அமுக்கினால்தான் பாட்டு. அரை ஏக்கர் பாத்தி வைத்திருந்த இசக்கியம்மாளும் அமுக்கினாள்.

பங்குனியில் கோடை மழை கொட்டியது. அவள் குவித்திருந்த உப்பெல்லாம் கரைந்து ஓடியது. வானிலை மையம் முந்தின நாளே தன் பக்கத்தில் எச்சரித்திருந்தது. அது பூட்டுக்குப் பின்னால். கம்பெனிக் கடைக்கு மட்டும் சேதி எட்டியிருக்க வேண்டும். அன்று காலை அவளிடம் குடை விற்கப் பார்த்தது.

இந்த இலவச போன் திட்டத்தை நிரந்தரமாக்கலாமா என்று அரசு விசாரணை நடந்தது. ஆக்கிவிட்டால் ஊர் டவரே கம்பெனி வசம். பிறகு காசு கொடுத்தாலும் அந்த நாலு கதவுதான். அடுத்த குவியலாவது மிஞ்சட்டும் என்று இசக்கியம்மாள் போய் நின்றாள்.

“நான் சொன்ன ‘ஆம்’ஐத் திருப்பிக் குடுங்க சார். மழை வருதான்னு பாக்க முடியாத போனை வச்சு உப்பையா மூட முடியும்?”

அரசு அதிகாரி கொட்டாவியை முடித்துவிட்டுச் சொன்னார்: “எங்க இணையப் பக்கத்துல முப்பது நாள் கருத்துக் கேட்டோமேம்மா. அப்ப எங்க போயிருந்த?”

உப்பள வெயிலிலும் கோட்டைக் கழற்றாத கம்பெனி மேலாளர் எழுந்தார். “பன்னிரண்டாயிரம் பேர் ஆம்னு சொல்லியாச்சு. முப்பது நாளும் நாங்க கவனிச்சோம் ஐயா. எங்க போன்ல இருந்து ஒருத்தர்கூட அந்த அரசுப் பக்கத்தைத் திறக்கவேயில்ல. இதைவிட என்ன சம்மதம் வேணும்?” சொன்னதோடு நில்லாமல், கையெழுத்திட்ட அறிக்கையையும் நீட்டினார்.

“புள்ளிவிவரம்னா இது!” என்று அதிகாரி பூரித்தார். விசாரணைத் தலைவர் அறிக்கையை இரண்டு முறை படித்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

கேட்டவர்களே, சொல்லுங்கள்: அந்தப் பன்னிரண்டாயிரம் ‘ஆம்’ செல்லுமா? செல்லாதென்றால், அதைக் கவிழ்த்தது இம்மூவரில் யாருடைய வாய்?

விடை: செல்லாது. கவிழ்த்தது மேலாளரின் திருவாய். பன்னிரண்டாயிரம் பேரில் எதிர்ப்பவர் ஒருவரும் இல்லாமல் போகலாம். எட்டிப் பார்த்தவர்கூட இல்லாமல் போவாரா? அவர்களிடம் வேறு இணைப்பு இல்லை; இருந்த போனில் அரசுப் பக்கமும் பூட்டிய கதவுதான். கேள்வியைப் பூட்டி வைத்துவிட்டு, யாரும் படிக்கவில்லை என்று கையெழுத்தும் போட்டுத் தந்த புத்திசாலி அவர். அதிகாரியோ பூட்டிய வீட்டுக்குள் தண்டோரா போட்டவர். திட்டம் தள்ளுபடியாயிற்று, தலைவரின் உத்தரவில் போன்களின் பூட்டும் போயிற்று. அடுத்த மழைக்கு முந்தின நாளே இசக்கியம்மாள் குவியலுக்கு ஓலை போட்டு மூடிவிட்டாள். குடை மட்டும் வாங்கவேயில்லை.