முட்டுவீட்டு வாத்தியார்

வேலாங்குளத்து மந்தைநாச்சி கோயிலில் விடிகாலையில் வாசல் பெருக்கிச் சாணம் தெளித்து வந்தவர் ஒச்சாயி அம்மையார். கணவரை இழந்தவர், பிள்ளையும் இல்லை. வேலை முடிந்ததும் வாசலில் நின்று அம்மனை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்காகவே அவர் உயிர் வாழ்ந்தார்.

மாதவிலக்கான பெண்களை ஊருக்கு வெளியே ஒரு மண்குடிசையில் உட்காரவைப்பது அந்த ஊர் வழக்கம். அதற்கு முட்டுவீடு என்று பெயர். வயதுக்கு வந்த சிறுமியின் படிப்பும் அங்கேயே முடிந்துவிடும். அம்மையாருடைய ஏழாம் வகுப்பும் அப்படி முடிந்ததுதான். ஆனால் ஒன்றை அவர் கவனித்தார். வீட்டில் இருந்தால் ஆடு, விறகு, கைக்குழந்தை என்று மூச்சுவிட நேரமில்லாத பிள்ளைகள் அங்கே மட்டும்தான் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஓர் ஆணும் எட்டிப்பார்க்காத இடம். பள்ளிக்கூடத்துக்கு வேறென்ன வேண்டும்?

பழைய பாடப்புத்தகங்களையும் ஊசிநூலையும் எடுத்துக்கொண்டு போனார். தீட்டுப் பட்டுவிடும் என்று பிள்ளைகள் ஒதுங்கினார்கள்.

“அருவாளத் தீட்டுனாத்தான் அறுக்கும். நமக்கும் அந்தத் தீட்டுத்தான் புள்ள. கிட்ட வா” என்றார்.

முட்டுவீட்டு வாத்தியார் என்று ஊர் கேலி பேசியது. பாண்டீசுவரி என்ற பெண் அங்கே எழுத்தும் தையலும் கற்று, தாய்மாமனைக் கட்டமாட்டேன் என்று சொல்லி டவுனுக்கு வேலைக்குப் போனதும் சிரிப்பு நின்றது. முட்டுவீடா, கோயிலா, ஒன்றை விடு என்றார்கள் பெரியமனிதர்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டானே. பூசாரிதான் முதல் ஆளாக அம்மையாரின் விளக்குமாற்றைப் பிடுங்கிக்கொண்டார்.

அன்று அம்மையார் வாய்விட்டு அழுதார். “பாதி எழுதுன புள்ளய விட்டுட்டு, எந்த மூஞ்சியோட ஆத்தாளப் பாப்பேன்?” என்றார். முட்டுவீட்டுக்கே போனார். சாகும்வரை அவர் அம்மனின் சிலையைப் பார்க்கவில்லை. நினைத்தால் இன்றும் நெஞ்சு எரிகிறது.

ஒரு கோடை நண்பகலில், பிள்ளைகள் யாரும் இல்லாத நேரம், முன்பின் தெரியாத சிறுமி ஒருத்தி முட்டுவீட்டு வாசலில் வந்து நின்றாள். பாவாடையில் கறை. எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்டார்.

“எனக்கும் உள்ள எடமில்ல ஆத்தா. எம் பேர எழுதச் சொல்லிக் குடு.”

பேர் என்னவென்று கேட்டபடி அவள் விரலைப் பிடித்து மணலில் வைத்தார். விரல் தானே ஓடியது. மந்தைநாச்சி என்று எழுதியிருந்தது. நிமிர்ந்தால் அவள் இல்லை. அம்மையார் தம் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எந்தப் பூசாரியும் பிடிக்காத கையைப் பிடித்த கை அது.

அம்மையார் காலமான பிறகு, அவர் தங்களிடம் மட்டும் சொல்லியிருந்த இதைப் பிள்ளைகள் வெளியே சொல்ல, ஊர் உருகியது. முட்டுவீட்டை இடித்து அங்கே அவருக்கே கோயில் கட்டியது. தீட்டான பெண்கள் உள்ளே வரக்கூடாது என்று பலகையும் மாட்டியது. புது முட்டுவீடு கண்மாய்க்கு அப்பால் போனது.

அம்மையார் அந்தக் கோயிலில் இருக்கமாட்டார். வெளியே உட்காரவைத்த பிள்ளைகளோடுதான் இருப்பார். அவர் திருவடி வாழ்க.